எட்டாம் எண் பேனல்

அந்தக் கட்டடத்தில் எட்டாம் எண் பேனல் என்று ஒன்று கிடையாது. அந்த எண்ணை விட்டுவிட்டுப் போனதே நான்தான். அதனால், வேலை முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் என் கைத்திரையில் எட்டாம் எண் பச்சையாக எரிந்தபோது, ஏதோ சந்தோஷத்தில் கண்ணைக் கட்டுகிறது என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூர் நல்லமங்கை மாளிகை சின்னக் கடை இல்லை. மாடிக்கு மாடி சேலை, வேட்டி, பாத்திரம், நகை என்று ஆடித் தள்ளுபடிக்கு உள்ளே போனவர் வெளியே வர அரை நாள் ஆகும். மாடிக்கு ஒரு தீ எச்சரிக்கை பேனல் இரண்டு வருடமாகச் சுவரில் இருந்தது. ஒவ்வொன்றும் தன் மாடியை மட்டும் பார்த்துக்கொள்ளும். மேல்மாடி பற்றி எரிந்தாலும் கீழ்மாடி பேனலுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவற்றை ஒன்றோடு ஒன்று பேச வைக்க நெட்வொர்க் கார்டு பொருத்துவதற்காகத்தான் நானும் ஜாபரும் மூன்று வாரமாக அங்கேயே கிடந்தோம். நான் வஞ்சி, கார்டு பொருத்துகிறவள். ஜாபர் வயர் இழுப்பவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, அவன் வாய்க்கு மட்டும் பத்து வயது கூட.

பொருத்தும் முறை எளிது. ஒரு கார்டின் வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பும் வயர் அடுத்த கார்டின் உள்பக்கத்துக்குப் போகும். அதிலிருந்து அடுத்தது. கடைசிக் கார்டிலிருந்து ஒரு வயர் முதல் கார்டுக்கே திரும்பி வரும். வளையம். எந்த இடத்தில் வயர் அறுந்தாலும், செய்தி வந்த வழியே திரும்பி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. இரண்டு கம்பி இடம் மாறினால் போதும், ஒரு நாள் வேலை போச்சு. அன்று எதுவும் மாறவில்லை. ஏழாம் மாடியில் கடைசித் திருகை முறுக்கினேன், விளக்குகள் வரிசையாகப் பச்சைக்கு வந்தன. நான் கத்தின கத்தலில் பட்டுப் பிரிவில் சேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் மடியில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார்.

எட்டு ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே மேலாளர் மயில்சாமி என்னிடம் வந்து சொன்னார்.

"அம்மணி, எட்டு மட்டும் வேண்டாமுங்க. மொதலாளிக்கு ஆகாது. லிப்ட்லயே ஏழுக்கு அப்பறம் ஒம்போதுதான், பாத்தீங்கல்ல? உங்க பேனலுக்கும் அப்படியே நம்பர் போட்ருங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் யார் கேட்பார்கள்? என் ஸ்கூட்டர் எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று என் அம்மா இன்றுவரை அதன் பின்னால் உட்கார்ந்ததில்லை. அவர்கள் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுகிறவர்கள். எட்டைத் தாண்டிப் பன்னிரண்டு வரை பதினொரு மாடி. பதினொரு பேனல், பதினொரு கார்டு. எட்டு என்ற எண் யாருக்கும் கொடுக்கப்படாமல் காலியாகக் கிடந்தது.

"ஜாபர், எட்டு பதில் சொல்லுதுடா."

"எட்டா? நீ காலைல சாப்ட்டியா இல்லியா?"

"இங்க வந்து பாரு."

வந்து பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

எந்தக் கார்டிலாவது எண்ணைத் தப்பாக வைத்துவிட்டேனா என்று ஒவ்வொன்றாகத் திரையில் சோதித்தேன். பதினொன்றும் சரி. ஒவ்வொரு கார்டுக்கும் தயாரித்தபோது அச்சடித்த தொடர் எண் ஒன்று உண்டு. எட்டுக்கு அது கிடையாது. பெங்களூரில் இந்தக் கார்டை வடிவமைத்த சுதர்சனைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் இந்தக் கார்டு பொருத்துவது இதுவே முதல் தடவை, அதனால் அவரே காலையிலிருந்து தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வந்துருச்சா?" என்று என்னைவிட அதிகமாகக் கத்தினார். "ஆய்வுக்கூடத்துக்கு வெளிய இதுதாங்க முதல் தடவை! அது பழுது இல்ல மேடம். அது ஊகம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"பழைய கார்டு தீ பிடிச்சாத்தான் வாயத் திறக்கும். இது அப்படி இல்ல. சூடு, காத்து, புகை எல்லாத்தையும் நொடிக்கு நொடி எல்லா பேனலும் பகிர்ந்துக்கும். எங்கயோ இருந்து சூடு வருது, ஆனா அந்த இடத்துல சென்சாரே இல்லன்னு வைங்க, அந்த இடத்துக்கு அதுங்களே சேந்து ஒரு பேனலக் கற்பனை பண்ணிக்கும். காலியா இருக்கற முதல் நம்பர அதுக்குக் குடுத்துரும்."

"ரெண்டு வருசமா இதே பேனல்தான சார் இருக்குது? இப்பத்தான் தெரியுதா?"

"இத்தன நாளும் தனித்தனியால்ல இருந்துச்சு! நடு வீட்டுல சண்ட நடக்குது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் அந்தப் பக்கத்து வீட்டுல இருந்து வருதுன்னு நெனைப்பார். அவர் இவர் வீட்டுல இருந்துன்னு நெனைப்பார். ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான் நடுவுல ஒரு வீடு இருக்கறதே தெரியும்."

எனக்குப் புல்லரித்தது. பதினோராயிரம் பேர் வந்துபோகும் கட்டடத்தில், சுவரில் தொங்கும் பெட்டிகள் கூடிப் பேசி, தாங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டன. இதற்காகத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று நினைத்துக்கொண்டே எட்டின் விவரங்களைத் திறந்து வாசித்தேன்.

"சூடு நாப்பத்தொண்ணு. மூச்சு முப்பது. கார்பன் மோனாக்சைடு அறுநூறு. சார், மூச்சு முப்பதுன்னா என்ன?"

"முப்பது பேர் விடற மூச்சுக்காத்து." அவர் குரல் மாறிவிட்டது. "அறுநூறுன்னா சொன்னீங்க? ஏறுதா?"

"அறுநூத்தி இருபது."

"அங்க ஆள் இருந்தா இந்நேரம் தல சுத்தி உக்காந்திருப்பாங்க. இன்னும் ஏறினா எந்திரிக்கவே முடியாது. புக வராது, நாத்தம் வராது, ஒண்ணும் தெரியாது. அது எந்த இடம்னு பாருங்க மேடம், சீக்கிரம்."

ஜாபர் என் தோளைத் தொட்டான். "வஞ்சி, ஒண்ணு சொல்றேன். எல்லா மாடிக்கும் நடுவுல நாலு மீட்டர் வயர்தான் ஆச்சு. ஏழுக்கும் ஒம்போதுக்கும் மட்டும் ஏழு மீட்டர் தின்னுச்சு. வயர் போற குழாய் வளஞ்சு போகுதாட்ட இருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

இரண்டு பேரும் மேலே அண்ணாந்து பார்த்தோம். பட்டுப் பிரிவின் அலங்காரக் கூரை பளபளத்தது. கட்டடத்தின் முகப்பில் ஐந்து மாடி உயரத்துக்கு மணப்பெண் படம் போட்ட விளம்பரப் பலகை இருக்கிறது, வெளியே நின்று ஜன்னல் வரிசையை எண்ணவும் முடியாது. படியேறிப் போகிறவர்கள் குறைவு. போனாலும், ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே மூச்சு வாங்குகிறதே என்று தங்கள் வயதைத்தான் நொந்துகொள்வார்கள். எட்டு ராசியில்லை என்று எண்ணைத்தான் விட்டிருக்கிறார்கள் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். உண்மையில் எண்ணோடு சேர்த்து ஒரு முழு மாடியையே மறைத்திருக்கிறார்கள். அது அங்கேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மயில்சாமி வந்தார். பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்பு ஆய்வு. அலுவலர் ரெஜினா மேரி தீயணைப்பு வண்டியில் இரண்டு வீரர்களோடு அரை மணி முன்னதாகவே வந்து, கீழே முதலாளியின் அறையில் இருந்தார். எல்லாம் தயாரா என்று கேட்க வந்த மயில்சாமி என் திரையைப் பார்த்தார். மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அதென்னுங்க எட்டு?"

"நீங்கதான் சொல்லோணும்ங்க."

"கோளாறா இருக்குமுங்க அம்மணி. எடுத்துடுங்க. மேடம் மேல வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."

"எடுக்க முடியாதுங்க. அங்க முப்பது பேரு இருக்கறதாச் சொல்லுது. மூச்சுத் திணறிட்டு இருக்காங்கன்னு சொல்லுது."

"மிஷினு சொல்லுதுங்க! மிஷினுக்கு என்னுங்க தெரியும்?" என்று கத்திக்கொண்டே, நான் தடுப்பதற்குள் ஏழாம் பேனலின் கதவைத் திறந்து, ஒன்பதுக்குப் போகும் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. திருகோடு பிய்ந்து வந்தது. திரையில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. 'ஏழு, ஒன்பது இடையே இணைப்பு அறுந்தது' என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். செய்தி ஏழிலிருந்து கீழே இறங்கி, ஒன்று வழியாகப் பன்னிரண்டுக்கு ஏறி, மேலிருந்து ஒன்பதுக்கு வந்து சேர்ந்தது. எட்டு அசையாமல் எரிந்தது. கார்பன் மோனாக்சைடு அறுநூற்றுத் தொண்ணூறு.

அப்படி ஒரு நிமிடத்தில் கூட, வளையம் தாங்கிவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

மயில்சாமி கையில் பிய்ந்த வயரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தைக்கற புள்ளைங்கங்க. சேலைக்கு ஓரம் அடிக்கறது, ஜாக்கெட் தைக்கறது, இஸ்திரி போடறது எல்லாம் அங்கதானுங்க. தாளவாடி மலைல இருந்து வந்தவங்க. பிளான்லயே இல்லாத மாடிக்கு கரண்டு அதிகமா இழுக்க முடியாதுங்கள்ள, அதனால கரி இஸ்திரிப் பொட்டி. ஆறு பொட்டிங்க."

"காத்து போற வழி?"

"ஆய்வு வந்தா வெளிய பூட்டி, ஜன்னல அடச்சு, காத்தாடிய நிறுத்திருவோமுங்க. சத்தம் கேக்கக் கூடாதுங்கள்ள. ஒரு மணி நேரந்தானுங்க எப்பவும். இன்னைக்கு மொதலாளி பத்து மணிக்கே பூட்டச் சொல்லிட்டாரு. கரிய அணைக்கச் சொல்லோணும்னு... எனக்குத் தோணவே இல்லைங்க."

"சாவி?"

"மொதலாளி கைலங்க. கூப்ட்டா எடுக்க மாட்டாரு. மேடம்கிட்ட பேசிட்டு இருக்காரு."

ஊகத்தை நம்பிப் பேனல் தானாக மணி அடிக்காது. சட்டம் அப்படி. யாராவது ஒரு மனிதர் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். என் விரல் அந்த இடத்துக்கு மேலே நின்றது. கட்டடம் முழுக்க ஆடிக் கூட்டம். எல்லா மாடியிலும் ஒரே நேரம் மணி அடித்தால் படியில் மிதிபட்டே நாலு பேர் போய்விடுவார்கள். ஊகம் தப்பாக இருந்தால் இந்த ஊரில் இந்தக் கார்டை இனி ஒருவரும் தொட மாட்டார்கள், என்னையும்தான். இரண்டு வருடமாக ஒருவருக்கும் கேட்காத முப்பது பேரின் மூச்சு இப்போதுதான் முதல் தடவையாக ஒரு எண்ணாக என் கையில் இருந்தது. அதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன என்னால் முடியாது.

பேனல்கள் பேசிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு, எந்த மாடிக்கு மணி என்று நாமே சொல்லலாம். ஏழுக்கும் ஒன்பதுக்கும் மணி, முதலாளி அறை வாசலிலிருந்த தரைத்தளத்துப் பேனலுக்கு எழுத்தில் செய்தி: 'எட்டாம் மாடி. முப்பது பேர். விஷக்காற்று.' அழுத்தினேன்.

மணி அலறியது. "பதறாம கீழ எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே பட்டுப் பிரிவு விற்பனைப் பெண்கள் கூட்டத்தைப் படிப்பக்கம் திருப்பினார்கள். நாங்கள் மூவரும் எதிர்த் திசையில் மேலே ஓடினோம். படி திரும்பும் இடத்தில் மார்பளவுக்கு அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை மயில்சாமி தள்ளிவிட்டார். அதற்குப் பின்னால் சுவரின் நிறத்திலேயே ஒரு கதவு, அதில் மண்டையோடு போட்டு 'மின் அறை, அபாயம்' என்ற பலகை. மூன்று வாரமாக அதைத் தாண்டித் தினமும் ஏறி இறங்கியிருக்கிறேன். மின் வேலை செய்கிறவள் நான், ஒரு நாள்கூட அது என்ன மின் அறை என்று கேட்டதில்லை.

தொங்கிய பூட்டு தேங்காய் அளவு இருந்தது. ஜாபர் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி, "யா அல்லா!" என்று ஓங்கி அடித்தான். நான்காவது அடியில் பூட்டு அப்படியே இருக்க, தாழ்ப்பாள் சுவரோடு பெயர்ந்து வந்தது.

"யாரும் உள்ள போகாதீங்க!"

கீழிருந்து குரல். ரெஜினா மேரி ஏழு மாடியையும் படியிலேயே ஏறி வந்திருந்தார், பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டே இரண்டு வீரர்கள். தரைத்தளப் பேனலில் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் கிளம்பிவிட்டாராம். "எட்டாம் மாடி இல்லன்னு இப்பத்தான் முதலாளி என்கிட்ட சொன்னாரு. அதனாலதான் ஓடி வந்தேன்" என்றார். என்ன ஒரு மனுஷி!

வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள், ஜன்னல்கள் உடையும் சத்தம் கேட்டது. தாழ்வான கூரை, தையல் மிஷின் வரிசை, நடுவில் கரி கனிந்த ஆறு இஸ்திரிப் பெட்டிகள், தரையில் சாய்ந்தும் சரிந்தும் பெண்கள். வீரர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கதவுக்குக் கொண்டுவந்தார்கள், நாங்கள் வாங்கிப் படியில் உட்கார வைத்தோம். என் திரையில் மூச்சின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் கண் விழித்தவள் பெயர் சிக்கம்மா. "தூக்கம் வந்துச்சு, அக்கா. கதவத் தட்டோணும்னு நெனச்சேன். கை வரல" என்று சொல்லிவிட்டு என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். வாழ்க்கையில் வாந்தியைப் பார்த்து அப்படி மகிழ்ந்ததில்லை.

அப்போதுதான் முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கதவைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க மேடம். நம்ம கடை ஆளுங்களே இல்ல. ஆடிக் கூட்டத்துல எப்படியோ ஏறி வந்து ஒளிஞ்சிருக்காங்க. வேணும்னா நம்ம ஆபீஸ் ரிஜிஸ்தரப் பாருங்க, ஒரு பேரு இருக்காது."

மயில்சாமி பக்கத்தில்தான் நின்றார். முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரர்கள் இருவரும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்கள். படிகளில் எண்ணினேன். முப்பது. எல்லோருக்கும் உயிர் இருந்தது. ஜாபர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். நான் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

மூச்சு: ஒன்று.

"மேடம், உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காங்க."

"முப்பது பேர்னுதானம்மா உன் செய்தில இருந்துச்சு? முப்பதும் வந்தாச்சு."

"ஆமாங்க. ஆனா ஒண்ணு காட்டுது."

"ஊகம்தான வஞ்சி," என்றான் ஜாபர் மெதுவாக. "ஜன்னல் எல்லாம் ஒடஞ்சு காத்து கலஞ்சிருக்கும்."

எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் இந்த எண்ணை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தோம், கடைசி ஒன்றை மட்டும் நம்பாமல் விட எனக்கு மனசு வரவில்லை. "உள்ள ஆள் இருக்குங்க மேடம்" என்று கத்தினேன். அலுவலர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு வீரர் ஒருவரின் கையிலிருந்த முகமூடியை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் கவனித்தேன், மயில்சாமி நின்ற இடம் காலியாக இருந்தது.

அறையின் கடைசி மூலையில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் முழங்காலில் தவழ்ந்துகொண்டிருந்தவரை அலுவலர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கண் சிவந்து, இருமி இருமித் துவண்டிருந்தார் மனிதர். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து எதையோ அணைத்திருந்தார். முதலாளி பாய்ந்து போய்க் கையை நீட்டினார். "மயிலு, அதக் குடு இப்படி."

மயில்சாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. நீளமான ஒரு நோட்டை எடுத்து ரெஜினா மேரியிடம் கொடுத்தார்.

"நாலு வருசமா நான் எழுதறதுங்க மேடம். ஆபீஸ்ல ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. தெனமும் யாரு வந்தா, எந்த ஊரு, அப்பன் பேரு என்ன, எல்லாம் இருக்குதுங்க. ஒருத்தரையும் விடலைங்க." இருமலில் பேச்சு நின்றது. "இன்னைக்குத் தேதில முப்பது பேருங்க. அதுக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்குது. அதுல மயில்சாமின்னு எழுதிக்குங்க. பூட்டுனவன்னு எழுதிக்குங்க."

அலுவலர் பேனாவைத் திறந்து அவர் சொன்னபடியே எழுதினார். பிறகு நோட்டைப் புரட்டி அன்றைய தேதியில் முதல் பெயரிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"சிக்கம்மா, தாளவாடி."

"இருக்கேனுங்க" என்று என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த பெயருக்கு இரண்டு படி கீழிருந்து ஒரு குரல். அதற்கடுத்த பெண்ணுக்குப் பேச வரவில்லை, கையைத் தூக்கினாள். முதலாளி நின்றுகொண்டிருக்க, முப்பது பெயரையும் ஒன்று விடாமல் வாசித்து முடித்தார். முப்பதுக்கும் பதில் வந்தது.